ஐந்தாவது சென்சார்

கம்ப்யூட்டரில் சத்தம் வந்தால் ஆட்கள் உடனே பயந்துவிடுகிறார்கள், சார். என் பிழைப்பே அந்தப் பயம்தான் என்பதால் நான் அதைக் குறை சொன்னதில்லை. தேனியில் இருபத்தாறு வருடமாக மெஷின் பார்க்கிறேன். பாதி வேலை, வந்தவர்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவது.

வியாழக்கிழமை காலை போடியில் குருசாமியின் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குப் போனேன். அங்கே ஏ.சி. போட்ட சின்ன அறை ஒன்று. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு யூ.பி.எஸ்., பேட்டரி அடுக்கு. இவ்வளவுக்கும் வாசலில் பித்தளைத் தகட்டில் 'டேட்டா சென்டர்' என்று எழுதி எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மெஷினில் லினக்ஸ். சென்சார் அளவுகளைத் திரையில் வரவழைத்தேன். நாலு எண்கள் ஒழுங்காக இருந்தன. ஐந்தாவது மட்டும் 61 டிகிரி, கூடவே காதைக் கிழிக்கிற பீப். இதற்கு விளக்கம் உண்டு. போர்டில் எதுவும் மாட்டாத முனைகள் சில இருக்கும். அவை வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். லினக்ஸ் பார்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். கோப்பில் 'இக்னோர்' என்று ஒரு வரி எழுதினால் எண் காணாமல் போகும், சத்தமும் போகும்.

இதைக் குருசாமிக்கும் கூடிநின்ற ஏழெட்டுப் பேருக்கும் கால்மணி நேரம் விளக்கினேன். "தேனியில இருந்து வந்திருக்காக. இவுக சொன்னா மறுபேச்சு இல்ல" என்றார் குருசாமி.

மறுபேச்சு பின்னாலிருந்து வந்தது. நதியா, ஏலப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண்.

"அண்ணே, காலி முனைன்னா ஒரே எண்ணுல நிக்கும், இல்லாட்டி கண்டபடி தாவும். இது முந்தாநாள் 52, நேத்து 56, இன்னைக்கு 61. வயரைப் பிடிச்சுப் போய்ப் பாருங்க, பேட்டரியிலதான் ஒட்டியிருக்கு."

யாரோ சிரித்தார்கள். "ரெண்டு வருசம் டிப்ளமோ படிச்சா பேட்டரிகூட நம்மகிட்டப் பேசும் போல ஆத்தா" என்றேன். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவள் வெளியே போய்விட்டாள். இடம் வேண்டும் என்று சொல்லி மற்றவர்களையும் அனுப்பினேன்.

பிறகு வயரைப் பிடித்துப் போய்ப் பார்த்தேன். நான் கவனமில்லாத ஆள் அல்ல, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வயர் பேட்டரியின் பின்பக்கம் ஒட்டியிருந்தது. பேட்டரி குருசாமியைப் போலவே தொந்தி போட்டிருந்தது. கையை வைத்தேன். வைத்திருக்க முடியவில்லை.

நியாயமாக யோசியுங்கள். கதவைத் திறந்து, அந்தப் பெண் சொன்னதுதான் என்று நான் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் சேதி கம்பம் வரைக்கும் போயிருக்கும். திங்கட்கிழமை வந்து, சர்வீஸ் என்ற பெயரில் பேட்டரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். நாலே நாள். வரியை எழுதினேன். அதற்கு மேலே வழக்கம்போல என் பெயரையும் எழுதினேன். பீப் நின்றது. குருசாமி கும்பிட்டார்.

கிளம்பும்போது பிச்சைமணி எதிரே வந்தார். மூட்டை தூக்குகிறவர், அறுபது வயது. மதியம் சாப்பிட்டதும் அந்த ஏ.சி. அறையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் படுப்பார். தாழ்ப்பாள், முதலாளி கண்ணில் படாமலிருக்க. குருசாமியைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

"சத்தம் நின்னுருச்சா தம்பி? மூணு நாளா உள்ள படுக்கவே முடியல."

"இனி நல்லாத் தூங்குங்கண்ணே" என்றேன்.

சனிக்கிழமை மதியம் பேட்டரி வெடித்தது. அறை முழுக்கப் புகை. கதவை உடைக்க இருபது நிமிடம் ஆனதாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பிச்சைமணியைவிடக் குருசாமியின் படம் பெரிதாக இருக்கிறது, வரும் வழியில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிப் பெருமையெல்லாம் எனக்குக் கிடையாது.

அதனால் எதையும் மறைக்கவில்லை. சூடு தெரிந்தே எண்ணை மறைத்தேன் என்று எழுதுங்கள். ஆள் உள்ளே படுப்பது தெரிந்தே தூங்கச் சொன்னேன் என்று எழுதுங்கள். பீப் இருந்திருந்தால் அந்த மனிதர் இன்று மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார், அதையும் எழுதுங்கள். வாக்குமூலம் எத்தனை பக்கமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்றாம் பக்கத்தில், நதியா சொன்னது சரி என்று ஒரு வரி வருகிறதே சார், அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.