வெள்ளைப் புள்ளி

— கதவுகிட்ட போகாத! போனா அடுத்த அடி கண்ணாடியில விழாது டாக்டரம்மா, உன் மண்டையில விழும்.

— கம்பியைக் கீழ வைங்க சார். உங்க பொண்ணு நடுங்குறா, பாருங்க.

— உன்னாலதான் நடுங்குறா! எட்டு வயசுல முன்பல்லு பாதி போச்சு. பதினஞ்சு நாள் லாரி ஓட்டிட்டு இன்னைக்குக் காலையில வீட்டுக்கு வர்றேன், எம்புள்ள வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. சொத்தைன்னு தெரிஞ்சும் சும்மா விட்டது நீதானே?

— சும்மா விடலை. நாலு மாசம் முன்னாடி அது வெறும் வெள்ளைப் புள்ளி. குழி விழலை. அப்பவே மெஷினை வச்சுக் குடைஞ்சா நல்ல பல்லும் சேந்து போயிரும். மருந்து தடவுனேன், மூணு மாசம் கழிச்சு வாங்கன்னேன். ஏம்மா, நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க, சொன்னேனா இல்லையா?

— என்னங்க, வாங்க போயிரலாம். பல்லுதானே, கட்டிக்கலாம்.

— நீ பேசாத! ரொட்டியைக் கடிச்சா, சொத்தைப் பல்லு பொட்டுனு உடைஞ்சிருச்சுன்னு காலையில அழுதவ நீதானே? அடுத்த தெரு டாக்டரா இருந்தா அன்னைக்கே அடைச்சிருப்பாரு!

— அடைச்சிருப்பாரு. தேவையே இல்லாம... ஐயோ, கை! கையை முறுக்காதீங்க சார், எலும்பு உடைஞ்சிரும்!

— உடையட்டும். எம்புள்ளைக்கு எப்படி வலிச்சிருக்கும்னு அப்பத் தெரியும்.

— ஒரே ஒரு தடவை அவ வாயைப் பாக்க விடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்.

— பாரு. சீக்கிரம்.

— ஆ காட்டு கண்ணு. அவ்வளவுதான்... சார், நீங்களே குனிஞ்சு பாருங்க. ஈறு ஓரத்துல இருக்கே, அதுதான் அந்தப் புள்ளி. பெருசாகலை, கெட்டியாயிருச்சு. உடைஞ்சது கீழ, நுனியில. அது நல்ல பல்லு.

— அதுக்கு?

— உதட்டுக்கு உள்பக்கம் கிழிஞ்சிருக்கு. தாடையில நாலு விரல் பதிஞ்சிருக்கு. ரொட்டி கடிச்சா விரல் பதியுமா? தாடையை இறுக்கிப் புடிச்சு எதாலயோ அடிச்சிருக்கீங்க நீங்க.

— நானா? எம்பொண்ணு மேல ஒரு சுடுசொல் சொன்னதில்ல நான்! நாக்கை அறுத்துருவேன்!

— அந்தம்மா பொய் சொல்லுதுங்க. தன் தப்பை மறைக்கப் பாக்குது. வாங்கன்னா வாங்க!

— இருடி. கண்ணு, அப்பாவைப் பாரு. கம்பியைக் கீழ போட்டுட்டேன், பாத்தியா? உன்னை யாரும்மா அடிச்சது? பள்ளிக்கூடத்துல யாராச்சுமா?

— அவகிட்ட எதுக்குக் கேக்குறீங்க? பேசுனா வாய் வலிக்கும் அவளுக்கு!

— நீ ஏன் அவ தோளைப் போட்டு அமுக்குற? கையை எடு. நீ சொல்லுடா தங்கம்.

— தானாதான்ப்பா உடைஞ்சுது. அப்படிச் சொன்னா இனிமே அடிக்கவே மாட்டேன்னு அம்மா சத்தியம் பண்ணிருக்காங்க.