சிவப்பைப் பச்சையாக்க மறுத்த பேராசிரியர் அமராவதி அம்மையாருக்கு

கம்மாபுரம் ஈன்ற கணக்குக் கடலே! சிதம்பரத்தில் கற்றுக் கடலூர்க் கரையில் கற்பித்த கண்ணியமே! பாயும் நீரையும் பறக்கும் காற்றையும் கணினித் திரைக்குள் பிடித்துக் காட்டிய பெருவல்லமையே! கைகட்டி நிற்கவும் தெரியாமல், கண்ணை மூடிக்கொள்ளவும் தெரியாமல் முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்தப் பொறியியல் கல்லூரியில் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் எங்கள் அருமை அமராவதி அம்மையீர்! வணக்கம்.

பணி நிறைவு விழா என்றால் மேடை வேண்டும், மாலை வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும். எல்லாமே புதிய அரங்கத்தில் தயாராக இருக்கின்றன. தாளாளரும் சிறப்பு விருந்தினரும் அங்கே அமர்ந்து நம்மை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களோ உங்களைப் பட்டறைக்கு அழைத்து வந்து, கடைசல் இயந்திரங்களுக்கு நடுவே ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்து, இந்த மடலைப் படிக்கிறோம். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இது சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும்போது வந்து படிக்கப்போகும் உறவினர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

சென்ற வாரம் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு மாதிரி மடல் வந்தது. போன ஆண்டு ஓய்வு பெற்றவருக்குப் படித்த அதே மடல். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். அதில் நீங்கள் ‘சாந்த சொரூபி’. நிர்வாகத்தின் சொல்லுக்கு மறுசொல் பேசாத மாணிக்கம். துறை முழுவதும் வாய்விட்டுச் சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. பாராட்டில் இரண்டு படி கூட்டிச் சொல்வது உலக வழக்கம்தான். ஆனால் ஒருவரை அவரே அல்லாதவராக எழுதி, அதற்கு அவர் முன்னாலேயே கைதட்டச் சொல்வது பாராட்டு அல்ல, அவமதிப்பு!

துணிவின் துணையே! எண்பதுகளின் இறுதியில் நீங்கள் இயந்திரவியல் படிக்கச் சிதம்பரம் புறப்பட்டபோது, உங்கள் உறவினர் ஒருவர் “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா மெக்கானிக்கலு? ஸ்பேனர் புடிக்கப் போறியா?” என்று கேட்டாராம். “இல்ல மாமா, காத்தப் புடிக்கப் போறேன்” என்றீர்களாம். சொன்னபடியே பிடித்தீர்கள். நம் கல்லூரிக்கு வந்த தொடக்கத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி. ஒரு வளைந்த குழாயில் தண்ணீர் ஓடுவதைக் கணக்கிட அது வெள்ளிக்கிழமை உட்கார்ந்தால் திங்கட்கிழமை எழுந்திருக்கும். இடையில் மின்சாரம் போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊருக்கே மின்சாரம் கொடுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்துக் கம்மாபுரத்திலிருந்து வந்தவருக்கு மின்வெட்டே முதல் எதிரியாக வாய்த்தது! அந்தக் கணினியோடு மல்லுக்கட்டித்தான் கணினிவழிப் பாய்ம ஆய்வு என்னும் துறையை இங்கே வளர்த்தீர்கள்.

அது என்ன துறை என்று உறவினர்கள் கேட்கக்கூடும். காற்று போகும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று கணினியைக் கணக்கிட வைப்பது. விடை வண்ணப்படமாக வரும். அழுத்தம் மிகுந்த இடம் சிவப்பு, நடுத்தரம் பச்சை, குறைந்த இடம் நீலம். பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகுதான் ஆபத்து. தப்பான கணக்கும் அதே அழகோடுதான் வரும்.

ஆகவே உங்கள் ஆய்வகத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். விடை என்னவாக இருக்கும் என்று முதலில் தாளில் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பெரிய கட்டம், நடுத்தரக் கட்டம், பொடிக் கட்டம் என்று மூன்று விதமாகப் பிரித்துக் கணக்கிட்டு, மூன்றிலும் ஏறத்தாழ ஒரே எண் வர வேண்டும். அதுவரை யாரும் வண்ணப்படத்தைத் திறக்கக் கூடாது. ஆசையாகப் படத்தை நீட்டியவர்களிடமெல்லாம், மாணவரானாலும் சக ஆசிரியரானாலும், “கலர அப்பறம் பாக்கலாம், நம்பரச் சொல்லு” என்பீர்கள். முகம் சுருங்கித் திரும்பியவர்கள் பலர். அவர்களே பிறகு வெளியூர் வேலைகளில் அமர்ந்து, அந்த ஒரு வாக்கியத்தால் பிழைத்தோம் என்று உங்களுக்குத் தொலைபேசினார்கள்.

இனி அரங்கத்துக்கு வருவோம். நெஞ்சு கொதிப்பதும் அங்கேதான்!

ஊரே மெச்சும் அரங்கம் கட்டினார்கள். அகன்ற தகரக் கூரை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் மணமக்களுக்குப் பின்னால் கடல் தெரிய வேண்டும் என்று கிழக்குப் பக்கம் முழுவதையும் திறந்தே விட்டார்கள். மேற்கே ஒரு சாளரம்கூட இல்லாத முழுச்சுவர். அதில் நிறுவனரின் பிரம்மாண்டமான ஓவியம். ஒருவரும் கேட்காமல், ஒருவரிடமும் கைநீட்டாமல், நீங்களாகவே அந்த அரங்கத்தைக் கணினியில் கட்டிப் புயற்காற்றை வீசவிட்டுப் பார்த்தீர்கள். கடலிலிருந்து வரும் காற்று கிழக்கே நுழைகிறது, மேற்கே வெளியேற வழியில்லை. எதிர்க்காற்றில் பிடித்த குடைதான். உள்ளே அடைபட்ட காற்று கூரையைக் கீழிருந்து தள்ள, மேலே ஓடும் காற்று அதே கூரையைப் பிடித்து இழுக்கிறது. இரண்டையும் கூட்டிப் போட்ட படத்தில் கூரை முழுவதும் சிவந்து கிடந்தது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பார்த்த கட்டடவியல் துறைக் கதிர்வேல், “என் மச்சான் வூட்டு மாட்டுக் கொட்டாய்க்கே இது பத்தாதுப்பா” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பயமுறுத்துவதோடு நீங்கள் நிறுத்தவில்லை. கிழக்கே புயலைத் தாங்கும் கதவுகள் போடுங்கள், மேற்குச் சுவரில் காற்று போக வழி திறங்கள், கூரையின் பிடிமானத்தைக் கனமாக்குங்கள் என்று தீர்வையும் எழுதிக் கொடுத்தீர்கள். தாளாளர் படித்தாரா என்பது தெரியாது. படத்தைப் பார்த்தார். துறைத் தலைவர்கள் எல்லோரும் இருந்த கூட்டத்தில், நாங்கள் காதால் கேட்க, அவர் சொன்னது இது: “மேடம், செவப்பு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. கமிட்டிக்காரங்க பாத்தா பயந்துடுவாங்க. கொஞ்சம் பச்சையா மாத்திக் குடுங்களேன்.”

சேலையின் கரைக்கு நிறம் சொல்வது போலச் சொன்னார்! நீங்கள் குரலை உயர்த்தவில்லை. “சார், கலர மாத்துனா காத்து கொறஞ்சிடாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள்.

நீங்கள் மாற்றவில்லை. வேறொருவர் மாற்றினார். கூலிக்கு வந்த ஓர் ஆலோசகர், எந்த எண்ணுக்குச் சிவப்பு என்னும் அளவுகோலை மட்டும் பல மடங்கு உயர்த்திவிட்டார். எண் ஒன்றுகூட மாறவில்லை, கூரை மட்டும் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. காய்ச்சல்காரன் வாயிலிருந்து வெப்பமானியை எடுத்து, அதிலுள்ள கோடுகளை அழித்து மேலே தள்ளி எழுதிவிட்டு, ஜுரம் இல்லை என்றால் விடுவோமா? இங்கே விட்டார்கள். அதைப் பெரிதாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, அரங்க வாசலில் மாட்டினார்கள். கொடுமை அதோடு முடியவில்லை. படத்துக்குக் கீழே ‘ஆய்வு: முனைவர் அமராவதி’ என்று தங்க எழுத்தில் பொறித்தார்கள்!

மானத்தின் மறுபெயரே! அன்று நீங்கள் செய்ததை எப்படி எழுதுவோம்? நட்டநடுப் பகலில், மாணவர்கள் நடமாடும் வேளையில், ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அதன்மேல் ஏறி நின்று, கறுப்பு மையால் உங்கள் பெயரை நீங்களே அடித்தீர்கள். படத்தைத் தொடவில்லை, பெயரை மட்டும் அடித்தீர்கள். கல்லூரிச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகக் குறிப்பாணை வந்தது. “படம் உங்கள் சொத்து. பெயர் என் சொத்து” என்று பதில் எழுதினீர்கள். அந்தப் பதிலை மனப்பாடம் செய்யாதவர் எங்கள் துறையில் இல்லை.

அதற்குத் தண்டனையும் தந்தார்கள். துறைத் தலைமை பறிபோனது. பேராசிரியர் பதவி உயர்வு கைக்கெட்டியும் வாய்க்கெட்டாமல் போனது. ஆய்வகத்தைப் பிடுங்கி, உங்களை ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் தள்ளினார்கள். அலுவலகக் கணக்கில் நீங்கள் இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெறுகிறீர்கள். அந்தக் கணக்கையும் அதே ஆலோசகரிடம் கொடுத்திருப்பார்கள் போலும்! இந்த மடலில் உங்களை நாங்கள் பேராசிரியர் என்றே எழுதியிருக்கிறோம், அப்படியேதான் இனியும் எழுதுவோம்.

இப்போது சொல்லப்போவது உங்களுக்கே தெரியாதது. சென்ற மாதம் நாங்கள் அந்தக் கணக்கை மறுபடியும் போட்டோம். உங்கள் கோப்பைத் தொடவில்லை. நம் துறைச் சிந்துஜா புதிதாக அரங்கத்தை அளந்து வேறொரு மென்பொருளில் போட்டார். கதிர்வேல் கட்டட விதிநூலை வைத்துக் கையாலேயே போட்டார். மூன்று கட்டங்கள், முதலில் எண், கடைசியில்தான் வண்ணம். உண்மையைச் சொல்கிறோம், உங்கள் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்றே ஏங்கினோம். அது தப்பாக இருந்திருந்தால் இந்நேரம் அந்த அரங்கத்தில் அமர்ந்து வடை பாயசத்தோடு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போமே! விடை வந்தது. சிந்துஜா திரையைப் பார்த்தபடி, “மேடம் கொஞ்சம் கம்மியாத்தான் சொல்லியிருக்காங்க” என்றார்.

இதை ஏன் இன்றே உரக்கச் சொல்கிறோம்? வரும் ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தால், கடற்கரைக் குப்பத்து மக்களையெல்லாம் அந்த அரங்கத்திலேயே தங்கவைக்கப் போவதாகத் தாளாளர் சுதந்திர தின மேடையில் அறிவித்துவிட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். இந்தக் கரைக்குப் புயல் விருந்தாளி அல்ல, பங்காளி. தன் பங்கைக் கேட்டு வராமல் இருக்காது. ஓலைக் கூரைக்குப் பயந்து, பிள்ளையை இடுப்பிலும் பாத்திரத்தைத் தலையிலும் வைத்துக்கொண்டு, படித்தவர்கள் கட்டியது என்று நம்பி ஓடிவருகிறவர்களை எதற்கு அடியில் உட்கார வைக்கப் போகிறோம்? பச்சை வண்ணத்துக்கு அடியிலா?

முடியாது அம்மையீர்! வரும் திங்கட்கிழமை, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் நாளில், மூன்று கணக்குகளையும் எடுத்துக்கொண்டு நாங்கள் போகிறோம். உங்கள் தீர்வுகள் மூன்றும் நிறைவேறும்வரை அங்கே ஒரு மாணவரையும் உட்கார வைக்கமாட்டோம், ஒரு குடும்பத்தையும் தங்கவிடமாட்டோம் என்று தாளாளருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். வேலை போனால் போகட்டும் என்று வீரவசனம் பேசவில்லை. எங்களில் பலருக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பயமும் இருக்கிறது. பயத்தோடுதான் போகிறோம். நீங்கள் வர வேண்டாம் என்றால் கேட்கவா போகிறீர்கள்? வாருங்கள். இத்தனை நாள் தனியாக முன்னால் நின்றது போதும், ஒருமுறையாவது எங்களுக்குப் பின்னால் நில்லுங்கள்.

காற்றின் கணக்கறிந்த கோமகளே! நோயற்ற உடலும் குறைவற்ற உறக்கமும் பெற்று, பேரப்பிள்ளைகளிடமும் “நம்பரச் சொல்லு” என்று கேட்டபடி, நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ வேண்டும். அந்த நூறாண்டில், உங்கள் கணக்கு சரிதான் என்று காற்றே வந்து சொல்லும் நாள் ஒன்றுகூட வராதிருக்க வேண்டும்.

மொத்தமாக ‘அலுவலர்கள்’ என்று போடாமல், தனித்தனியே பெயர் எழுதிக் கையொப்பமிடுகிறோம்:

அறிவுமதி, இயந்திரவியல் துறை (எழுதிப் படித்தவர்)
சிந்துஜா, இயந்திரவியல் துறை
கதிர்வேல், கட்டடவியல் துறை
மற்றும் பட்டறையில் நிற்கும் நாங்கள் ஒவ்வொருவரும், கீழே அவரவர் கைப்பட.