அசையாத ஆள்

"பிளேன் என்னயப் பாத்து எறங்குச்சு புள்ள."

முதலமடை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார். பருத்திக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானத்துக்கு, வயலின் எல்லையில் வெள்ளைக் கொடி பிடித்து வழி காட்டுபவர் அவர் என்று பேச்சில் புரிந்தது. எழுபதுகளில் அப்படி ஒரு வேலை இருந்தது.

"பனை ஒசரங்கூட ஏறல. இஞ்சின் இருமுச்சு, அப்பறம் சத்தமே இல்ல. காத்து கிழியறதுதான் கேட்டுது."

"ஓட வேண்டீதுதானுங்க?"

"கொடி புடிக்கறவன் அசையக்கூடாது."

"சாவறப்பக்கூடவா?"

"என்ற தலைக்கு மேல போயி, கடலக்காட்டுல குலுங்கி நின்னுச்சு. ஓட்டுனவரு எறங்கி வந்து, நீதான்யா ஆம்பளைன்னு கையப் புடிச்சுட்டாரு."

"ஊரே அதத்தான் சொல்லுது. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சுங்க."

ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் ஓடின. ஒரு நிழலும் நிற்கவில்லை. அவர் குரல் இறங்கியது.

"ஓடத்தான் பாத்தேன் புள்ள. காலுதான் நகரல."

அந்தம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பிளேன ரிப்பேர் பாத்துட்டாங்களாமா. நாளைக்கு மறுக்காப் பறக்குது. அசையாத ஆளு வேணும்னு என்னயவேதான் கேக்கறாங்க."



"நாளைக்கு நானும் வாறனுங்க. பக்கத்துல நிக்கறேன். சத்தம் நின்னா உங்களய இழுத்துட்டு ஓடறேன்."

"பொண்டாட்டியக் கூட்டீட்டு வந்துட்டான்னு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமுங்க."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.