வேலிக்கு வெளியே நின்று எண்ணிய மூன்று குதிரைகள்

காலை ஏழரைக்கு அலுவலகப் பூட்டைத் திறந்து, அடுப்பிலிருந்து முந்தைய நாள் சாம்பலை வாளியில் அள்ளி வாசல் பனிமேல் தூவி, இரண்டு கூடை நிலக்கரி போட்டு, கெட்டிலை ஏற்றி, ஈரக் காலணியை அடுப்போரம் சாய்த்துவைத்து, இரும்பு அலமாரியிலிருந்து அறுபத்தொரு குடும்பங்களின் கோப்புகளை எடுத்து மேசையில் அடுக்கி, நாங்கள் வந்து சேரும்போது ஒரு கிண்ணம் தேநீரை முடித்து வெளியே நடக்கத் தயாராக நின்று, இருபத்தாறு ஆண்டுகள் இந்த வரிசையை ஒரு நாளும் மாற்றாத, கோக்ஜார் ஊராட்சியின் சமூகநலப் பணியாளர், எங்கள் மூத்த சகோதரி, மதிப்பிற்குரிய புருல்கான் அக்கா அவர்களுக்கு, உடன் பணிபுரிந்த நாங்கள் எழுவரும் பணிநிறைவு நாளில் வாசித்தளிக்கும் மடல்.

அக்கா அவர்களே,

இதை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் பெக்துர், கணினிப் பிரிவு. நகரத்துக் கல்லூரியில் படித்தவன், வாக்கியம் சுத்தமாக வரும் என்றார்கள். நீங்கள் நடந்த தூரம், பெற்ற சான்றிதழ்கள், இரண்டையும் எழுதினால் போதும் என்றார் கணக்காளர் சமத் அண்ணன். சான்றிதழ்கள் ஒன்பது. தூரத்தை யாரும் அளக்கவில்லை. இவற்றோடு ஒரு தவறைப் பற்றியும் எழுதப்போகிறேன். விழா மடலில் அது வேண்டாம் என்று இங்கே இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. உங்களிடமே கேட்டேன். எழுது, சுருக்கமாக எழுது என்றீர்கள்.

வீடு வீடாக நடந்தவரே,

குழந்தைகள் உள்ள ஏழை வீடுகளுக்கு மாதந்தோறும் பணம் வருகிறது. எந்த வீட்டுக்குத் தகுதி உண்டு என்று போய்ப் பார்த்து எழுதிய கை உங்களுடையது. முன்பு மாவு மூட்டை கொடுத்த காலத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மூட்டை. பணமாக வந்த பிறகு ஒருத்தி மகனுக்குக் காலணி வாங்கினாள். அவன் பனி உறையும் ஜனவரியிலும் பள்ளிக்குப் போனான். ஒருத்தி பல்லைப் பிடுங்கிக்கொண்டாள்; ஏழு மாத வலி நின்றது. மேலத்தெரு குல்ஜார் மாதா மாதம் கொஞ்சம் ஒதுக்கி ஒரு கன்று வாங்கினாள். அவரவருக்கு என்ன தேவை என்பது அவரவருக்குத்தான் தெரிந்திருந்தது. கையில் கொடுத்தால் எல்லாம் வோட்காவாகப் போகும் என்று சமத் அண்ணன் சொன்ன அன்று, நீங்கள் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டீர்கள்:

“உன் சம்பளம் எங்க போகுதுன்னு உன் பெண்டாட்டி என்கிட்ட சொல்லியிருக்கா, சமத். நான் எங்கயாவது எழுதினேனா?”

அவர் கணக்கேட்டைப் பிரித்துக்கொண்டார். இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

பணத்தோடு பயமும் வந்தது. ஆளுக்கு இத்தனை கால்நடைக்கு மேல் இருந்தால் உதவி கிடையாது என்பது விதி. தெருமுனையில் உங்கள் சிவப்புத் தலைத்துணி தெரிந்தால் குல்ஜார் கன்றை அண்ணன் வீட்டுக் கொட்டிலுக்கு ஓட்டுவாள். அந்தப் பணத்தில் வாங்கிய கன்றே அந்தப் பணத்தை நிறுத்திவிடும் என்று அவளுக்குப் பயம். ஓட்டாதே, கன்றைக் கன்று என்றுதான் எழுதுவேன் என்று சொன்னீர்கள். அடுத்த வருடம் அது பசுவாகிவிடுமே என்றாள். அடுத்த வருடத்துப் பயத்தை அடுத்த வருடம் படலாம் என்றீர்கள். எல்லோரும் உங்களைக் கண்டு பயந்தார்கள். நீங்கள் கையிலிருந்த குறிப்பேட்டைக் கண்டு பயந்தீர்கள். அதில் ஒரு எண் மாறினால் ஒரு வீட்டில் அடுப்பு அணையும்.

அந்தத் தவறு என் வீட்டில் நடந்தது.

மூன்று வருடம் முன்பு, நவம்பரில், என் மனைவி மேரிம் இறந்தாள். பிரசவமாகிப் பதினொன்றாம் நாள். மகள் செஸிமுக்கு நான்கு வயது. மகன் திலெக்குக்குப் பதினொரு நாள். எனக்கு அப்போது வேலை இல்லை. உதவிப் பணம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சாவுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. மேரிமின் வீட்டார் ஒரு குதிரை ஓட்டி வந்தார்கள். என் சித்தப்பா ஒரு குதிரை. மற்றவர்கள் செம்மறிகள், மொத்தம் பதினான்கு. ஏழாம் நாளும் நாற்பதாம் நாளும், குதிரை உட்பட அறுத்துச் சமைத்து, வந்தவர்களுக்குப் போட. ஆறாம் நாள் எல்லாம் முற்றத்தில் நின்றன. அன்றுதான் வட்டார அலுவலகத்திலிருந்து ஆண்டுச் சோதனைக்கு ஒருவர் வந்தார். உடன் நீங்கள்.

சாவு வீட்டுக்குள் வந்தால் உட்கார வேண்டும், ஓத வேண்டும், வைத்ததைச் சாப்பிட வேண்டும். இரண்டு மணி நேரமாகும். அவருக்கு அன்று இன்னும் ஒன்பது வீடு பாக்கி. வேலிக்கு வெளியிலேயே நின்றீர்கள். நான் துக்க வழக்கப்படி முற்றத்தில் தடியை ஊன்றி நின்றேன். உங்கள் பென்சில் ஒவ்வொரு விலங்காக நகர்வது தெரிந்தது. அவை எங்களுடையவை அல்ல என்று நான் சொல்லியிருக்கலாம். துக்கத்தில் நிற்பவன் சொத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. குதிரை மூன்று, செம்மறி பதினான்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டீர்கள். தாளில் எங்கள் தெருவிலேயே வசதியானவன் நான்.

டிசம்பரில் பணம் வரவில்லை. ஜனவரியிலும் வரவில்லை. விசாரிக்கப் போனால் உதவி நின்றதை ஊரே அறியும் என்று நான் போகவில்லை. பால்மாவில் மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டேன். திலெக்கின் அழுகைச் சத்தம் குறைந்தது. அது நல்லது என்று முதலில் நினைத்தேன்.

மேரிமின் அக்கா நாசிபா வந்து அவனைத் தூக்கிப் பார்த்தாள். அவள் வீடு எல்லைக்கு அப்பால், கஜகஸ்தானில்.

“சண்டைக்கு வரல, மாப்ள. ரெண்டு மாசப் புள்ள இருக்கற எடையா இது? நூரூஸ் வரைக்கும் பாக்கறேன். அப்புறம் தூக்கிட்டுப் போயிடுவேன். நீ கதவைச் சாத்தினாலும் போயிடுவேன்.”

சொன்னால் செய்கிறவள். தவறு என்றும் சொல்ல முடியாது. நூரூஸ் வசந்தத் திருநாளுக்கு ஏழெட்டு வாரம் இருந்தது. நான் நாள்காட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன்.

ஜனவரி கடைசியில், முழங்கால் பனியில், நீங்கள் நடந்து வந்தீர்கள். இந்த முறை உள்ளே வந்தீர்கள். உட்கார்ந்தீர்கள். மேரிமுக்காக ஓதினீர்கள். ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தீர்கள்.

“குதிரைங்க எங்க, பெக்துர்?”

“ரெண்டைச் சாப்பிட்டாச்சு, அக்கா.”

“மூணாவது?”

“அது துக்கம் கேக்க வந்தவர் ஏறி வந்த குதிரை. அவர் அன்னிக்கே அதுலயே ஏறிப் போயிட்டார்.”

நீங்கள் ரொட்டியைக் கீழே வைத்தீர்கள். தொட்டிலுக்குப் போய்த் திலெக்கின் காலைத் துணிக்கு வெளியே எடுத்து, விரல்களால் சுற்றிப் பார்த்தீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுற்றி வந்து, அதற்கு மேலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

மறுநாள் வட்டார அலுவலகத்துக்குப் போய், ‘நான் உள்ளே போய்ப் பார்க்காமல் எழுதினேன், அந்த அறிக்கை தவறு’ என்று உங்கள் பெயரில் மட்டும் எழுதிக் கொடுத்தீர்கள். பொய்யறிக்கைக்கு வேலை போகும், ஓய்வூதியத்திலும் கைவைப்பார்கள் என்று அங்கே எச்சரித்தார்கள். உங்களுக்கு மூன்று வருடம்தான் பாக்கி இருந்தது. அந்தத் தாளை நான் பின்னாளில் கோப்பில் பார்த்தேன். எழுத்தெல்லாம் நேராக இருக்கிறது. கையெழுத்து மட்டும் கோணலாக ஓடுகிறது. அதன் பிறகு நான்கு முறை போனீர்கள், வாடகை வண்டியில், சொந்தச் செலவில்.

மார்ச் பதினெட்டாம் தேதி பணம் வந்தது, விட்டுப்போன மாதங்களும் சேர்த்து. பால்மாவு ஆறு டப்பா. நிலக்கரி ஒரு வண்டி. மூன்று கரண்டி. நூரூஸ் அன்று நாசிபா வந்தாள். மடித்த தொட்டில் துணி கையில் இருந்தது. டப்பாக்களைப் பார்த்தாள். மூடியைத் திறந்து உள்ளே மாவு இருக்கிறதா என்றும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து தேநீர் கேட்டாள்.

“இவனை விடு, மூணு நாள்ல குரல் வந்துடுச்சு. நீதான் எலும்பா இருக்க, மாப்ள. உன்னைத் தூக்கிட்டுப் போகவா?”

துணியை விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். திலெக்குக்கு இப்போது மூன்று வயது. இந்த மண்டபத்தில்தான் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறான்.

உண்மையை எழுதிக் கொடுத்தவரே,

அந்த வருடத்துக்குப் பிறகு நீங்கள் எந்த வீட்டையும் வெளியே நின்று எழுதவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வீடுதான் முடிகிறது என்று மேலிடத்திலிருந்து நான்கு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. ஒன்பது சான்றிதழ்களோடு அந்த நான்கையும் சேர்த்துச் சட்டம் போட்டிருக்கிறோம். எனக்கு இந்த அலுவலகத்தில் வேலை வாங்கித் தந்ததும் நீங்கள்தான். அதனால் உதவிப் பட்டியலிலிருந்து என் பெயரை நீங்களே அடித்தீர்கள்.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். காலையில் நேரம் கழித்து எழுங்கள். பேரப்பிள்ளைகள் சூழ, நோயில்லாமல், நூறு குளிர்காலம் காணுங்கள். ஊராட்சித் தலைவர் முதல் வாயிற்காவலர் வரை எழுவரும் இதில் கையெழுத்திட்டிருக்கிறோம். ஏழாவது கையெழுத்து என்னுடையது.

திங்கட்கிழமை முதல் அறுபத்தொரு கோப்புகளும் என் மேசைக்கு வருகின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எண்ணப்போகும் முற்றங்களில் யாரோ ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பான். எந்த வீட்டில் என்று எனக்குத் தெரியாது.

நேற்று அலமாரிச் சாவியைக் கொடுத்தீர்கள். தவறாக எழுதிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நீங்கள் சொன்னதை இங்கே வாசிக்கலாமா என்றும் கேட்டேன். தலையாட்டினீர்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்:

“உன் பேர் இல்லாத பட்டியலை நான் டிசம்பர்லயே பார்த்துட்டேன், பெக்துர். வேலை போயிடும்னு பயந்துக்கிட்டு ஒன்றரை மாசம் சும்மா இருந்தேன். தப்புன்னு தெரிஞ்சா நீ அன்னிக்கே அந்த வீட்டுக்குக் கெளம்பிப் போயிடு.”