நிற்காத வட்டு

மின்மீட்டர் பழுதுபார்ப்பவர், வயது நாற்பத்திரண்டு, அச்சகத்துக்கு எதிர்ச் சந்தில் மாடி வீட்டில் குடியிருப்பவர், விசாரணை அதிகாரி முன் கூறியது:

இறந்தவர் என் அக்காவின் கணவர். பொழுதுபோக்காக வீட்டின் பின்னறையில் டெஸ்லா காயில் ஒன்று செய்து வைத்திருந்தார். ஓடவிட்டால் அதன் உச்சியிலிருந்து முழ நீளத்துக்கு மின்பொறி பாயும். கையில் சும்மா பிடித்திருக்கும் டியூப்லைட் வயரே இல்லாமல் எரியும். ஆயிரத்து அறுநூறு வாட் இழுக்கிறது என்று பீற்றிக்கொள்வார். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் போட்ட கணக்கு அது. இந்த மாதிரிக் கருவிக்கு அந்தக் கணக்கு சரிவராது என்று சொல்லி, சனிக்கிழமை மதியம் வட்டு சுழலும் பழைய மீட்டர் ஒன்றை எடுத்துச் சென்று, அதன் வழியாகக் காயிலுக்கு மின்சாரம் கொடுத்தேன். அந்த மீட்டரில் ஒரு சுற்று என்பது மூன்று வாட்-மணி; பத்துச் சுற்றுக்கு இரண்டு நிமிடம் ஆனது. அப்படியென்றால் தொள்ளாயிரம் வாட்தான். "பாதியை முழுங்கிட்டியே மச்சான்" என்றார். இருவரும் சிரித்தோம்.

அதன்பின் அவர் காயிலின் சுவிட்சை அணைத்தார். பொறி நின்றது, டியூப்லைட் அணைந்தது. வட்டு மட்டும் நிற்கவில்லை. அதிலுள்ள சிவப்புக் கோடு மெல்ல நகர்ந்து மறைந்து, நான்கு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது. சத்தமே இல்லாத அறையில் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"யாரு மச்சான் இழுக்கிறது?" என்று கேட்டார்.

பழைய மீட்டரில் எதுவும் ஓடாதபோதும் வட்டு தானாக நகர்வதுண்டு. அதனால், "மீட்டர் கிழம், மாமா. பொய் சொல்லுது" என்றேன். காயிலுக்குப் போகும் வயர்களைக் கழற்றி, வட்டு நிற்கிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கடையில் எந்த மீட்டர் வந்தாலும் முதலில் அதைத்தான் செய்வேன். அன்று பசியில் அதைச் செய்யாமல், மீட்டரை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தார், ஓடினேன். சுவிட்ச் அணைந்தே இருந்தது. மாமா காயிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்தார். வட்டு ஓடிக்கொண்டிருந்தது, முந்தைய நாளைவிடச் சற்று வேகமாக. மெயினை அணைத்தேன். அதன்பின்தான் நின்றது.

அன்று மாலை வயர்களைக் கழற்றிவிட்டு மீட்டருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் பார்த்தேன். சிவப்புக் கோடு அசையவில்லை. மீட்டரில் குறையில்லை. சுவிட்ச் மின்சாரம் வரும் வயரில் இல்லாமல் திரும்பிப் போகும் வயரில் போடப்பட்டிருந்ததால், அணைத்த பிறகும் சட்டத்துக்கு மின்சாரம் கசிந்திருக்கிறது.

"உன் மீட்டர் எதுவும் காட்டலையாடா?" என்று அக்கா கேட்டார். இல்லை என்றேன்.

யாரும் வற்புறுத்தாமல் நானே சொன்ன இவை அனைத்தும் உண்மை. அக்காவிடம் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் பொய். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதை அவருக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னால் முடியாது.

(ஒப்பம்)