காலண்டர்ல ஓடுற தண்ணி

குந்து லட்சுமணன் சார். அந்தச் சாக்க நீயே எடுத்துப் போட்டுக்கோ. இங்க தண்ணி குடின்னு மட்டும் உன்ன சொல்லமாட்டேன்.

இந்தக் காலண்டரக் குடுக்கறதுக்கா ஆவடிலேர்ந்து சைக்கிள் மிதிச்சிகினு வந்த? நீ வரைஞ்ச படத்த சீட்டுக் கம்பெனிக்காரன் அச்சடிச்சிட்டான், அதுல நான் கீறேன், அத என் கைல குடுக்கணும். நல்ல மனசுதான். ஆனா பாத்தா எனுக்குக் குமட்டுது சார்.

கோச்சுக்காத. நாத்து நட வந்தவ பட்டுப்பொடவ கட்டிகினு, தல நெறைய பூ வெச்சிகினு நிப்பாளா? சிரிச்சிகினு வேற கீறேன். ஒரு நாளு குனிஞ்சி நட்டுப் பாரு, சிரிப்பு எங்கேர்ந்து வருதுன்னு தெரியும். நடறவ பின்னாலயே போவா சார். நீ என்ன முன்னால நடக்க வெச்சிக்கீற. நட்டதெல்லாம் நானே மிதிச்சிகினு போறேன்.

அதக்கூட உட்டுடலாம். இந்த வாய்க்கா தண்ணி எந்த ஊரு தண்ணி? கண்ணாடியாட்டம் போட்டு, ரெண்டு கொக்கு, ஒரு தாமர. மூணு ஞாயித்துக்கெழம வரப்புல குட வெச்சிகினு குந்தினியே, மூக்குல கர்ச்சீப் கட்டிகினுதானே வரைஞ்ச? நாத்தம் தாங்காம ரெண்டு தபா வாந்தி எடுத்த. நான்தான் மண்ணு அள்ளிப் போட்டேன். சைக்கிள் ரிம்முக்கு முலாம் போடுற கம்பெனிக்காரன் உட்ட தண்ணி அது. ஒரு நாளு பச்ச, ஒரு நாளு கருப்பு. எரும கூட வாய் வெக்காது.

அழகுக்காகப் போட்டன்ற. சரி. இதக் கேளு.

போன வாரம் இந்தத் தண்ணிக்கோசரம் மனு எடுத்துகினு ஒரு ஆபீசுக்குப் போனோம், நானும் பக்கத்து ஊட்டு துலுக்கானமும். அதிகாரி தலைக்கு மேல இந்தக் காலண்டருதான் தொங்குது. பருத்திப்பட்டு வாய்க்கான்னு கீய பேரு வேற போட்டுக்கீறியே. அந்தாளு மனுவப் படிச்சிட்டு, திரும்பி அதக் காட்டி, தண்ணி இவ்ளோ ஜோரா ஓடுது, இன்னாம்மா கொறன்னு கேட்டான். சுத்தி இருந்தவன்லாம் சிரிச்சான். துலுக்கானம் என் மூஞ்சியப் பாத்துட்டு, கெங்கம்மாக்கா, படத்துல கீறது நீதானேன்னான். அங்கயே காறித் துப்பணும் போல இருந்துச்சி. யார் மேல துப்புறதுன்னுதான் தெரில.

வெள்ளிக்கெழம எல்லாரும் கலெக்டராண்ட போறாங்கோ. நீ படிச்சவன், உத்தியோகத்துல கீற, நீ சொன்னா எடுபடும். நான் பாத்த தண்ணி இதில்ல, கருப்புத் தண்ணிதான்னு ஒரு வார்த்த சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்.

நானா? நான் வர்ல சார். துலுக்கானம் உன்ன கூட்டிகினு போவான். எனுக்கு அன்னிக்கு பெரியாஸ்பத்திரில பெட்டு குடுத்துக்கீறாங்கோ. தண்ணில நின்னு நின்னு வந்த புண்ணு மேல ஏறிகினே போவுது. போர்வையத் தூக்கிக் காட்டமாட்டேன், நீ தாங்கமாட்ட. வலது காலு, முட்டிக்குக் கீய எடுத்துடறாங்களாம்.