வீண் நடை

நோர்வூட் பஸ்ஸில் என் முன்சீட்டில் வேறு வேறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். இளையவள் சொன்னதைக் கேட்டதும் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"நாங்க நடக்குறது வீணாம் அக்கா. வீண் வேலைய கொறைக்க கொழும்புலேருந்து வந்த சாரு, நேத்து கடிகாரத்தோட எங்க பின்னாலயே வந்தாரு."

"எங்க நடந்தீங்க?"

"கொழுந்து நிறுக்கத்தான். மூட்டையோட கீழ் மடுவத்துக் கொட்டகைக்கு."

"ஒங்க மலையிலயே ஒரு மடுவம் இருந்துச்சே?"

"ஒரு தோட்டத்துக்கு ரெண்டு மடுவம் வீணுன்னு போன மாசம் அத மூடிட்டாங்க."

"யாரு?"

"இதே சாருதான். இப்ப நடைய எப்புடி கொறைக்கிறதுன்னு எங்களுக்கு வகுப்பு எடுக்கப் போறாராம்."

"நல்லது. எங்க?"

"தேயில பேக்டரி ஸ்டோருல. கீழ் மடுவத்தையும் தாண்டி ரெண்டு மைல் நடக்கணும்."